நகரம் எங்கே முடிகிறது?

(சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் எல்லைக் கிராம ஊழியர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சேலம் எங்கே முடிகிறது? நாமக்கல் எங்கே தொடங்குகிறது? வழியில் போகிற யாரையாவது இப்படிக் கேட்டால் அவர் சிரிப்பார். "மல்லூர் தாண்டினால் நாமக்கல் ஜில்லா. இதுகூடத் தெரியாதா?" என்பார். சாலையோரத்தில் பலகை இருக்கிறது. தாலுகா ஆபீசில் படம் இருக்கிறது. பிறகு கேள்வி எதற்கு?

ஆனால் நம் கிராமங்களில் இன்று இந்தக் கேள்வி சிரித்துவிட்டுப் போகக் கூடியதாக இல்லை. ஊராட்சியாகவே இருப்பதா, பேரூராட்சியாவதா, மாநகராட்சியோடு கலப்பதா என்ற பேச்சு டீக்கடையிலிருந்து தறிக்கூடம் வரை நடக்கிறது. "டவுன் ஆனால்தான் ரோடும் தண்ணீரும் வரும்" என்கிறார் ஒருவர். "டவுன் ஆனால் வேலை போகும், வரி ஏறும்" என்கிறார் இன்னொருவர். இருவரும் உழைப்பாளிகள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நம் ஊழியர்கள் இந்த இடத்தில் வாய் மூடி நிற்க முடியாது. பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்வதற்கு முன், இந்த எல்லை என்பது என்ன, அதை யார் கிழிக்கிறார்கள், எதற்காகக் கிழிக்கிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடு மாறிய கதை

பழைய சேலம் ஜில்லா எவ்வளவு பெரியது என்பது இங்கே உள்ள மூத்த தோழர்களுக்குத் தெரியும். வடக்கே ஓசூர் முதல் தெற்கே காவிரிக் கரையில் பரமத்தி வேலூர் வரை ஒரே ஜில்லா. 1965 அக்டோபர் 2-ம் தேதி தர்மபுரி தனி ஜில்லாவாயிற்று. 1997 ஜனவரி 1-ம் தேதி நாமக்கல் பிரிந்தது. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் கிட்டே வந்தது. அதனால் மக்களுக்கு அலைச்சல் குறைந்தது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் வாழ்க்கை அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டதா? வெண்ணந்தூரிலும் ராசிபுரத்திலும் தறி நெய்கிறவருக்கு நூலும் பாவும் மார்க்கெட்டும் இன்றும் சேலத்தோடு சம்பந்தப்பட்டவைதான். பெரிய வியாதி என்றால் சேலம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இந்தப் பக்கம் விளைகிற குச்சிக்கிழங்கு அந்தப் பக்கத்து சேகோ பேக்டரிக்குப் போகிறது. அந்தப் பக்கத்துக் கிழங்கு இந்தப் பக்கம் வருகிறது. 2013-ல் சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் விட்டார்கள். ஜில்லா பிரிந்து பதினாறு ஆண்டுகள் கழித்து இரும்புப் பாதை இரண்டையும் மறுபடி கட்டிப் போட்டது!

நகரத்தின் கதையும் இப்படித்தான். 1866-ல் சேலம் முனிசிபாலிட்டியாயிற்று. 1994-ல் மாநகராட்சியாயிற்று. அதன் பரப்பு 91 சதுர கிலோமீட்டர் சொச்சம்; வார்டுகள் 60. ஒவ்வொரு தடவை விரிந்தபோதும் நேற்றுவரை கிராமமாக இருந்தது மறுநாள் நகரம் என்று பெயர் பெற்றது. அந்த ஊர் மனிதர் இரவில் தூங்கி எழுந்தார், அவ்வளவுதான். அவருடைய தறியும் மாடும் கடனும் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தன.

ஒரு கோடா, ஒன்பது கோடா?

தோழர்களே, எல்லை என்று ஒரே கோடு இருப்பதாக நாம் நினைக்கிறோம். சர்க்கார் காகிதங்களைப் புரட்டினால் கோடுகள் பல இருக்கின்றன.

முதலாவது மாநகராட்சிக் கோடு. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அதற்குள் இருந்தவர்கள் சுமார் 8 லட்சத்து 29 ஆயிரம் பேர். இரண்டாவது, அதே கணக்கெடுப்பு இலாகா கிழித்த இன்னொரு கோடு. வீடும் கடையும் இடைவெளியின்றித் தொடரும் பகுதிகளையெல்லாம் சேர்த்து 'நகரத் தொகுதி' என்று அது கணக்கிட்டது. அதில் சேலத்தின் ஜனத்தொகை சுமார் 9 லட்சத்து 17 ஆயிரம். ஆக, ஏறத்தாழ 88 ஆயிரம் பேர் கணக்கில் சேலத்துக்காரர்கள். ஆனால் சேலம் மேயரைத் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலர்களில் ஒருவருக்கும் ஓட்டுப் போட உரிமையில்லாதவர்கள்.

மூன்றாவது, மனைப் பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி தரும் உள்ளூர் திட்டக் குழுமத்தின் கோடு. இது 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. நான்காவது வருமான வரி இலாகாவின் கோடு. விவசாய நிலத்தை விற்று வந்த லாபத்துக்கு வரி உண்டா இல்லையா என்று பார்ப்பதற்கு, லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை ஜனத்தொகை உள்ள நகரமானால் அதன் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டர் வரை நகரத்து நிலம்தான் என்கிறது சட்டம். பத்து லட்சத்தைத் தாண்டினால் 8 கிலோமீட்டர். அதுவும் காக்கை பறக்கும் நேர்வழியில் அளக்க வேண்டுமாம்!

ஐந்தாவது கோட்டை நம் பெண்கள் தினமும் காண்கிறார்கள். 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. நல்ல காரியம், வரவேற்றோம். ஆனால் டவுன் பஸ் எதுவரை வருகிறதோ அதுவரைதான் அந்த நன்மை. அதற்கு அப்பாலுள்ள ஊரில் ஏறும் பெண், வெளியூர் பஸ்ஸில் காசு கொடுத்துத்தான் வேலைக்கு வர வேண்டும். ஆறாவது கூலிக் கோடு. குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகள் சிலவற்றில் மாநகராட்சி ஒரு மண்டலம், நகராட்சி இன்னொரு மண்டலம், மற்ற ஊர்கள் கடைசி மண்டலம். வேலை ஒன்று, விலைவாசி ஒன்று. கூலி மட்டும் வேறு.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் பொய்மான் கரடு இருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் குகைக்குள் மான் நிற்பது தெரியும். கிட்டே போனால் வெறும் பாறை. நகரத்தின் எல்லையும் அப்படித்தான். படத்தில் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் ஆளுக்கு ஒரு கோடு, காரியத்துக்கு ஒரு கோடு. நிலத்தின் விலையைப் பொறுத்தவரை நகரம் எல்லைக் கல்லைத் தாண்டி எப்போதோ வந்துவிட்டது. கூலியைப் பொறுத்தவரை அது இன்னும் வந்து சேரவில்லை. இதுதான் விஷயத்தின் சாரம்.

யாருடைய வேலை வேலை?

ஒரு ஊர் சட்டப்படி கிராமமாகவே இருந்தாலும் கணக்கெடுப்பு இலாகா அதை நகரம் என்று எழுதிக்கொள்ளலாம். அதற்கு 2011-ல் மூன்று அளவுகோல்கள் இருந்தன. ஜனத்தொகை 5,000-க்குக் குறையக் கூடாது. சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். மூன்றாவது, வருஷத்தில் பெரும்பகுதி வேலை செய்யும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும்.

தோழர்களே, கவனியுங்கள். 'ஆண்களில்' என்று இருக்கிறது. நம் பகுதியில் தறி ஓடுவது ஆண் ஒருவரால் மட்டுமா? தார் சுற்றுவது யார்? பாவு ஓட்டும்போது கூட நிற்பது யார்? சேலம் கொலுசுப் பட்டறைகளுக்காக வீட்டில் உட்கார்ந்து வெள்ளிக் கம்பியைக் கோத்துக் கொடுப்பது யார்? கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்குவது, கிழங்கு மில்லில் ஜவ்வரிசி காய வைப்பது யார்? இந்த உழைப்பெல்லாம் சேர்ந்துதான் ஒரு ஊரை நகரமாக்குகிறது. ஆனால் ஊரை நகரம் என்று தீர்மானிக்கும்போது அந்தப் பெண்களின் உழைப்பு தராசில் ஏறுவதில்லை.

அடுத்த ஜனத்தொகைக் கணக்கெடுப்பு 2027-ம் ஆண்டுக்கு உரியது. கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வரும்போது "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று எந்த ஆணும் சொல்ல வேண்டாம். தார் சுற்றுகிறாள், கொலுசு வேலை செய்கிறாள், கூலிக்குப் போகிறாள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அளவுகோலை மாற்றப் போராடுவோம். அதற்கு முன் உழைப்பு பதிவாகட்டும்.

வருவது தண்ணீர், போவது சாக்கடை

நகரம் தன் எல்லைக்குள் அடங்கி வாழ்கிறதா என்றும் பார்ப்போம். சேலத்தின் குடிநீருக்காக 1911-ல் பனமரத்துப்பட்டி ஏரி அமைக்கப்பட்டது. ஏரி இருப்பது கிராமத்தில், உரிமை நகரத்துக்கு. பின்னால் மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. குழாய் எத்தனை கிராமங்களைக் கடந்து வருகிறது! நகரத்துக் குப்பை எங்கே போகிறது? மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு செட்டிச்சாவடி கிராமத்தில் இருக்கிறது. தண்ணீர் எடுக்கும்போது எல்லை குறுக்கே நிற்கவில்லை. குப்பை கொட்டும்போதும் நிற்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரத்தின் நடுவே நுழைந்து, வீட்டுச் சாக்கடையையும் சாயப்பட்டறைக் கழிவையும் சுமந்துகொண்டு நாமக்கல் ஜில்லாவுக்குள் இறங்கி, பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. அதன் கரையில் விவசாயம் செய்கிறவருக்குக் கிணற்றுத் தண்ணீரின் நிறமே சேலம் எதுவரை நீள்கிறது என்பதைக் காட்டும். படத்தில் சேலம் 91 சதுர கிலோமீட்டர். சாக்கடையின் கணக்கில் சேலம் காவிரிக் கரை வரை! மேலிருந்து வரும் கழிவைப் பற்றி நாமக்கல் கலெக்டரிடம் மனுக் கொடுத்தால், கழிவு கலக்கும் இடம் அவருடைய ஜில்லாவில் இல்லை. சேலம் கலெக்டரிடம் போனால், பாழான நிலம் அவருடைய ஜில்லாவில் இல்லை. ஆற்றுக்குத் தெரியாத எல்லை அதிகாரிகளுக்கு மட்டும் தெரிகிறது.

நிலம் யார் கைக்குப் போகிறது?

நகரம் கிராமத்துக்குள் வருவது பெரும்பாலும் நிலத்தின் வழியாகத்தான். கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை வேண்டும் என்று இந்த ஜில்லா மக்கள் எல்லோரும் கேட்டார்கள். 1970-ல் அடிக்கல் நாட்டி, 1981-ல் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. பொதுத்துறை ஆலை, வேலை தந்தது. அதற்காக நிலம் கொடுத்த விவசாயியின் தியாகத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் 2018-ல் நடந்தது வேறு. காமலாபுரத்து விமான நிலையத்தை விரிவுபடுத்த 570 ஏக்கர் என்றார்கள். பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். அதே ஆண்டில் சென்னை-சேலம் எட்டு வழிச் சாலைக்கு 277 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் நட்டார்கள். மக்கள் கல்லைப் பிடுங்கினார்கள். சென்னை ஹைக்கோர்ட் 2019 ஏப்ரலில் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை மாற்றியது.

நகரம் வருகிறது என்றால் சென்ட் விலை ஏறுகிறது. உண்மைதான். யாருக்கு ஏறுகிறது? மேட்டுக்காட்டை மலிவாக வாங்கி மனை போட்டவருக்கு ஏறுகிறது. குத்தகைக்கு உழுதவருக்கு என்ன கிடைத்தது? அந்தக் காட்டில் களை எடுத்த பெண்ணுக்கு என்ன கிடைத்தது? சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவருக்கு விலையேற்றம் என்றால், வீட்டுமனை வாங்கும் ஆசை இன்னும் எட்டாத தூரம் போயிற்று என்றுதான் பொருள்.

வேலை உறுதி என்ற உயிர்நாடி

2024-ல் நாமக்கல் நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. சுற்றியுள்ள ஊராட்சிகளை அதில் சேர்க்கும் பேச்சு வந்ததும் ஊராட்சி மக்கள் எதிர்த்தார்கள். முதற்காரணம் நூறு நாள் வேலை. இடதுசாரிகளின் ஆதரவோடு மத்திய ஆட்சி நடந்த 2005-ம் ஆண்டில் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊராட்சிப் பகுதிக்கு மட்டும் உரியது. 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் அதை அகற்றி வேறொரு சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். 125 நாள் என்று நாளைக் கூட்டி எழுதினார்கள். செலவில் முன்னைவிடக் கூடுதல் பங்கை மாநிலங்களின் தலையில் ஏற்றினார்கள். அதுவும் கிராமப்புறத்துக்கான சட்டமே. ஆக, ஊராட்சி என்ற பெயர் போனால் வேலை கேட்கும் சட்ட உரிமையும் போகும். அறுபது வயதுப் பாட்டிக்கு நகரத்தில் எந்த முதலாளி வேலை கொடுப்பார்?

இரண்டாவது காரணம் வரி. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் 600 சதுர அடிக்குட்பட்ட சிறு வீட்டுக்குக்கூடச் சொத்து வரி 25 சதவீதம் உயர்த்தப்பட்டது. ஊராட்சியில் உள்ளவர் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

ஆகவே எதிர்த்த மக்களை "முன்னேற்றத்துக்குத் தடை" என்று ஏசுவது தவறு. அதே சமயம், என்றைக்கும் கிராமமாகவே இருப்போம் என்பது மட்டும் நமது கொள்கையாகிவிடாது. விசைத்தறியும் லாரி பாடி கட்டும் பட்டறையும் ரிக் வண்டியும் கோழிப் பண்ணையும் வந்த பிறகு நம் ஊர்கள் பழைய கிராமங்களாக இல்லை. பாதாளச் சாக்கடையும் தெருவிளக்கும் நல்ல தண்ணீரும் உழைப்பாளிக்கும் வேண்டும். பெயர்ப் பலகையைக் காப்பாற்றிவிட்டுச் சேற்றில் நடக்க யாரும் விரும்பவில்லை.

சென்னை தரும் பாடம்

பெரிய நகரத்தைப் பாருங்கள். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டர். 2022-ல் அதை 5,904 ஆக்கினார்கள். அரக்கோணத்துப் பக்கத்துக் கிராமமும் பெருநகரம் என்றாயிற்று. ஆனால் அந்தக் கிராமத்தாருக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் மேலே போயிற்று.

இது நமக்கும் வரக்கூடியதே. 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, பத்து லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை கொண்ட பகுதியைப் பெருநகர்ப் பகுதி என்று கவர்னர் அறிவிக்கலாம். அது ஒரே ஜில்லாவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல ஜில்லாக்களில் பரவி இருக்கலாம். 2011-லேயே 9 லட்சத்து 17 ஆயிரம் பேரைக் கொண்டிருந்த சேலம் தொகுதி அந்த அளவை நெருங்கி நிற்கிறது. நாளை ஒரு கோடு ஜில்லா எல்லையைத் தாண்டி ராசிபுரம் பக்கம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

அதே திருத்தத்தில் நமக்கு உபயோகமான ஒரு விதியும் இருக்கிறது. பெருநகர்ப் பகுதிக்குத் திட்டக் கமிட்டி அமைத்தாக வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத அங்கத்தினர்களை நகரசபை உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஊராட்சித் தலைவரே இல்லாவிட்டால் யார் தேர்ந்தெடுப்பது? நம் இரு ஜில்லாக்களிலும் ஊராட்சிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. தனி அலுவலர்களிடம் பொறுப்பு போயிற்று. ஊர்களை இணைக்கும் பேச்சு சூடு பிடித்த அதே சமயத்தில் ஊரின் வாயை அடைத்தார்கள்! எல்லைப் பிரச்னை ஜனநாயகப் பிரச்னையும் ஆகிறது என்பதற்கு இதைவிட ருசு வேண்டாம்.

நமது கோரிக்கைகள்

ஆகவே நாம் என்ன சொல்கிறோம்? கோட்டை எங்கே கிழித்தாலும் உழைப்பாளியின் உரிமை குறையக் கூடாது. இதுவே நமது அடிப்படை. அதிலிருந்து ஐந்து கோரிக்கைகள் பிறக்கின்றன.

ஒன்று: தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியும் கிராம சபையும் விவாதித்து முடிவு சொல்லாமல் எந்த ஊரையும் இணைக்கக் கூடாது.

இரண்டு: ஊர் நகரமானாலும் வேலை உறுதி தொடர வேண்டும். முடியாது என்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டுங்கள். அங்கே 2010-ல் அய்யன்காளி பெயரால் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் 2022-ல் சில நகரங்களில் சிறிய அளவில் நகர்ப்புற வேலைத் திட்டம் ஆரம்பமாயிற்று. அதை எல்லா ஊருக்கும் உரிமையாக்க வேண்டும்.

மூன்று: குழாயும் சாக்கடையும் விளக்கும் வருவதற்கு முன் நகரத்து வரி வரக் கூடாது. வசதி முதலில், வரி பிறகு.

நான்கு: நகரத்துக்கு உழைக்க வருகிறவர் ஊர்வரை டவுன் பஸ் வர வேண்டும், ஒரே வேலைக்கு இரு பக்கமும் ஒரே குறைந்தபட்சக் கூலி வேண்டும்.

ஐந்து: திருமணிமுத்தாற்றுக்கு இரண்டு ஜில்லாக்களும் சேர்ந்த ஒரே பொறுப்பு வேண்டும், மேட்டிலுள்ள நகரம் அழுக்காக்கியதைச் சுத்தம் செய்து கீழே அனுப்ப வேண்டும். பனமரத்துப்பட்டிக்கும் செட்டிச்சாவடிக்கும் நகரம் பட்ட கடனை நகரம் தீர்க்க வேண்டும்.

தோழர்களே, கணக்கெடுப்புக்காக 2026 ஜனவரி 1 முதல் 2027 மார்ச் 31 வரை ஊர் எல்லைகளை மாற்றக் கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள். அந்த அவகாசம் நமக்குக் கிடைத்த அவகாசம். எல்லையைக் கிழிப்பவர்கள் அதற்குள் படத்தைத் தயார் செய்துகொள்வார்கள். நாம் மக்களைத் தயார் செய்ய வேண்டும். மே தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கூடுகிறது. இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதி, சபையில் வாசித்து, நிறைவேற்றி, நகலை வாங்கி வையுங்கள். மல்லூருக்கு இந்தப் பக்கத்து ஊரில் நிறைவேறும் தீர்மானமும் அந்தப் பக்கத்து ஊரில் நிறைவேறும் தீர்மானமும் ஒரே வாசகமாக இருக்கட்டும். இரண்டு கலெக்டர்களின் மேஜைக்கும் ஒரே நாளில் அது போய்ச் சேரட்டும்.